இரும்பு ஏற்றிய சனிக்கிழமை

எனக்கு ஆட்களின் முகம் சீக்கிரம் மறந்துபோகும், கை மறக்காது. கடைவீதியில் யாராவது நிறுத்தி, "சிஸ்டர், நல்லா இருக்கீகளா?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். பேச்சுவாக்கில் அவள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும்போது முழங்கை மடிப்பு கண்ணில் பட்டுவிட்டால் போதும். ஓகோ, நரம்பே கிடைக்காமல் என்னை வியர்க்க வைத்த மகராசி அல்லவா இவள் என்று எல்லாம் ஞாபகம் வந்துவிடும். நரம்பு தேடியே பிழைத்தவளுக்கு வேறென்ன ஞாபகம் இருக்கும்?

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தேனிப் பக்கம் ஒரு மருத்துவமனையில், கர்ப்பிணிகளுக்கான ஓர் ஆய்வில் நர்ஸாக இருந்தேன். உத்தமபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு வழக்கமான இரும்புச்சத்து மாத்திரை. மீதிப் பேருக்கு அதே இரும்பை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. எதில் ரத்தம் சீக்கிரம் ஊறுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. யாருக்கு எது என்பதை டாக்டரும் முடிவு செய்யக்கூடாது, வந்தவளும் முடிவு செய்யக்கூடாது. ஒட்டிய உறையைப் பிரித்தால் உள்ளே இருக்கும் தாள் சொல்லும்.

இதைப் புரியவைப்பது பெரும்பாடு. எங்கள் டாக்டரம்மா கோட்டயத்துக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார், கோபம் வந்தால் மட்டும் மலையாளத்துக்குத் தாவிவிடுவார். அவர் பொறுமையாக விளக்குவார், பெண்களும் பொறுமையாகத் தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும் என் காதைக் கடிப்பார்கள்: "என்ன சிஸ்டர் சொன்னாக?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்தினேன். "ஏ ஆத்தா, உங்க தெருவுல குலுக்கல் சீட்டுப் போடுறீகள்ல? சொம்புல பேரைப் போட்டுக் குலுக்கி எடுக்குறீகள்ல? அதே மாதிரிதான் இதுவும். விழுந்தவுகளுக்கு ட்ரிப்பு, விழாதவுகளுக்கு மாத்திரை."

எல்லோருக்கும் பளிச்சென்று புரிந்துவிட்டது. இனி இப்படியே சொல்லுங்கள் என்று டாக்டரம்மாவே பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தச் சமயத்தில்தான் குச்சனூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு ஓரகத்திகள் வந்தார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பவர்கள், இரண்டு பேருக்கும் ஆறாம் மாதம். ஒருத்தி பேச ஆரம்பித்தால் மற்றவள் முடித்துவைப்பாள். இருவருக்கும் ரத்தம் குறைவு. ஆனால் மூத்தவள் தன்னைப் பற்றி வாயே திறக்கவில்லை, முழுக்க இளையவளைப் பற்றியே பேச்சு. போன பிரசவத்தில் இளையவளுக்கு உதிரப்போக்கு நிற்காமல், வேன் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வழி முழுக்கத் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் மூத்தவள்தான். "ஆண்டிபட்டி தாண்டுனதும் இவ கை சில்லுன்னு ஆயிருச்சு சிஸ்டர். இன்னொரு தடவை அந்த மாதிரி என்னால உக்காந்து போக முடியாது" என்றாள்.

ரத்தம் எடுத்தேன். உறைகளைப் பிரித்தார்கள். மூத்தவளுக்கு ட்ரிப், இளையவளுக்கு மாத்திரை. மூத்தவள் முகம் தொங்கிப்போனது. ஏற்ற வேண்டிய மருந்து வந்துசேரத் தாமதமானதால் ஒரு சனிக்கிழமைக்கு வரச் சொன்னேன். "சனீஸ்வரனுக்கு உகந்தது இரும்புதானே சிஸ்டர், சனிக்கிழமையே ஏத்துங்க" என்று இளையவள்தான் சிரிப்புக்காட்டி அவளைக் கூட்டிப்போனாள்.

அந்தச் சனிக்கிழமை, குச்சனூர் சனீஸ்வரன் கோயில் கூட்டத்தோடு பஸ்ஸில் நசுங்கி இரண்டு பேரும் வந்தார்கள். ட்ரிப்புக்கு மூத்தவளின் பெயரைக் கூப்பிட்டேன். ஒருத்தி வந்து கட்டிலில் படுத்தாள். ஊர், வயது, புருஷன் பெயர் எல்லாம் கேட்டேன், தடுமாறாமல் சொன்னாள். எனக்குத்தான் முகம் நிற்காதே. கையை நீட்டச் சொல்லி ரப்பர் பட்டையைக் கட்டினேன், மடிப்பில் விரலை வைத்துத் தடவினேன்.

மூத்தவளுக்கு நரம்பு தோலுக்கு மேலேயே கயிறு மாதிரி ஓடும், கண்ணை மூடிக்கொண்டே குத்தலாம். இந்தக் கையில் நரம்பு எங்கோ ஒளிந்து, விரல் பட்டதும் வழுக்கிப் போனது. முதல் நாள் ரத்தம் எடுத்தபோது இரண்டு முறை குத்தியும் கிடைக்காமல் என்னைத் திட்ட வைத்த அதே கை.

"நீ சின்னவள்ல? அவ பேரைச் சொல்லிட்டு இங்கன வந்து படுத்திருக்க?"

அவ்வளவுதான், கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர். வெளியே போய் மூத்தவளைக் கையோடு இழுத்துவந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். இந்த மருந்து ஆளின் எடையையும் ரத்தத்தையும் பார்த்து அளந்து வைப்பது, ஒருத்திக்கு வைத்ததை இன்னொருத்திக்கு ஏற்றக் கூடாது, ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்று கத்தினேன். மூத்தவள் நான் முடிக்கும்வரை நின்றாள்.

"நீகதான சிஸ்டர் சீட்டுன்னு சொன்னீக?"

"ஆமா, சொன்னேன். அதுக்கு?"

"சீட்டு எனக்கு விழுந்துச்சு. இவளுக்கு அவசரம். விட்டுக்கொடுத்தேன். எங்க தெருவுல அப்படித்தான். வீட்டுல விசேசம், ஆசுபத்திரின்னா விழுந்தவுக விட்டுக்கொடுத்துருவாக. கொடுக்காம வச்சுக்கிட்டாத்தான் தப்பா பேசுவாக."

எங்கள் தெருவிலும் அப்படித்தான். என் கல்யாணத்துக்கே எதிர்வீட்டு அக்கா விட்டுக்கொடுத்த சீட்டுப் பணம் வந்திருக்கிறது.

விசாரித்ததில் மீதியும் வெளியே வந்தது. இளையவளுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லை. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வாந்தி. சொன்னால் ஆய்விலிருந்தே நீக்கிவிடுவார்கள் என்று பயந்து, கடைசியில் மாத்திரைகளைக் கொல்லையில் இருந்த முருங்கைக்கு அடியில் போட்டுவிட்டாள். "முருங்கைக்கு எதுக்குடி இரும்பு, அதுக்கிட்டயே கொள்ளையாக் கெடக்கே" என்றேன். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். "எந்தா இது!" என்று ஆரம்பித்தவர், முழுவதையும் கேட்டபின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ட்ரிப் கொடுக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது, வாயைத் திறந்து சொல்லியிருந்தால் போதும் என்றார். இளையவளை எடை பார்த்து, அவளுக்கென்று தனியாக அளவு போட்டார். ஆனால் ஆய்வுக் கணக்கில் அவள் மாத்திரைக் கூட்டத்தில்தான் இருப்பாள், விழுந்த உறையை மாற்ற முடியாது என்றும் சொன்னார். எனக்கே அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"ஏட்டுல மாத்திரை, ஒடம்புல மருந்தா? இருந்துட்டுப் போகட்டும். இவளுக்கு ஏத்துனாச் சரி. அப்ப நான் கெளம்புறேன் சிஸ்டர், வீட்டுல சோறாக்கணும்" என்று மூத்தவள் எழுந்தாள்.

"எங்கன கெளம்புற? உனக்கு யாரு ஏத்துறது?"

"எனக்கெதுக்கு? எனக்குத்தான் ஒண்ணும் இல்லயே."

அன்று காலை வந்த எல்லோருக்கும் லேபில் விரலில் குத்தி மறுபடி ரத்தம் பார்த்திருந்தார்கள், அங்கே இருவரும் அவரவர் பெயரைத்தான் சொல்லியிருந்தார்கள். அந்தத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். இரண்டு பெயர்களுக்கும் நேரே இருந்ததைப் படித்தாள். இளையவளைவிட அவளுக்குத்தான் ரத்தம் குறைவாக இருந்தது.

"இது எம்பேரா?" என்று கேட்டாள். விரலை வைத்து இன்னொரு தடவை படித்தாள். "நான் எல்லா வேலையும் பாக்குறேனே சிஸ்டர்."

இளையவள் கட்டிலை விட்டு இறங்கி வந்து அந்தத் தாளைப் பார்த்தாள். மூத்தவளின் தோளைப் பிடித்து, பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தாள். "நீ படுத்தாத்தான் நான் படுப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தானும் படுத்தாள்.

இரண்டு பாட்டில்கள், கடுங்காப்பி நிறத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. முதலில் கொஞ்சம் ஏற்றி, அரிப்பு, படபடப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்கு முன் இளையவளுக்கு மூன்றாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது, வழக்கம்போலத் திட்டினேன். மூத்தவளுக்கு ஒரே குத்து. இத்தனை நல்ல நரம்பில் இத்தனை கொஞ்சமாகவா ரத்தம் ஓடியது என்று நினைத்துக்கொண்டே ஊசிமேல் பிளாஸ்திரியை ஒட்டினேன்.

பிற்பாடு இருவருக்கும் பிரசவம் நல்லபடியாக நடந்தது, மதுரைக்கு வேன் தேவைப்படவில்லை. இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். எந்தக் குழந்தை யாருடையது என்று எனக்கு இப்போதும் தெரியாது.

ஆனால் எனக்கு அந்த வீட்டை நினைத்தால் வருவது அந்தச் சனிக்கிழமை மதியம்தான். மூத்தவளின் பாட்டில் முடிந்துபோனது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன், அவள் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாம் என்று தோளைத் தொடப் போனேன். அடுத்த கட்டிலிலிருந்து இளையவள் மெதுவாகச் சொன்னாள்.

"எழுப்பிறாதீக சிஸ்டர். நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து அக்கா பகல்ல தூங்கி இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அடுத்து ட்ரிப்புக்கு வந்தவள் வாசலில் நின்றுகொண்டு, "எனக்கு எப்ப சிஸ்டர்?" என்றாள். கட்டில் இன்னும் காலியாகவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார் என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.