இடியப்பத்துக்கு அடியில் தோட்டா

சுவிஸ் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் என் கணவர் வாங்கிய முதல் பொருள் ஒரு கைத்துப்பாக்கி. மற்றவர்களுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தால் லண்டனுக்கு டிக்கெட் போடுவார்கள், கனடாவில் யாருடைய கலியாணத்துக்காவது போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். இந்த மனிதர் கரடிக்காகத் துவக்கு வாங்கினார்.

நாங்கள் இருப்பது சுவிஸ் மலைகளுக்குள், எங்கடின் என்ற பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர். அவர் ஹோட்டல் குசினியில் சமையல். நான் அதே ஹோட்டலில் அறைகளுக்குப் பொறுப்பு. பெரிய நகரத்தில், ஓர்லிகோனில் இருக்கும் என் மச்சாளுக்கு எங்கள் ஊர் உலகத்தின் கடைசி. தொலைபேசி எடுத்தாலே, "அங்க கரடி வாறதெண்டு கதைக்கினம், உண்மையோ?" என்று தொடங்குவாள். ஒரு மண்ணும் வருவதில்லை என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வசந்தத்தில் என்னைப் பொய்க்காரி ஆக்கவென்றே ஒன்று வந்து சேர்ந்தது.

இத்தாலிப் பக்கமிருந்து மலை ஏறி வந்த ஒற்றை ஆண் கரடி. ஊருக்கு மேலே இருந்த தேன்பெட்டிகளை உடைத்து நக்கிவிட்டுப் போயிருந்தது. காட்டில் பொருத்தியிருந்த கமெராவில் அதன் பின்பக்கம் மட்டும் விழுந்தது. அந்தப் பின்பக்கத்தைப் பத்திரிகையில் பெரிதாகப் போட்டு, வருக வருக என்று எழுதாத குறை. அதற்கு விசா இல்லை, கைரேகை இல்லை, முகாம் இல்லை. நாங்கள் அகதியாக வந்தபோது எங்கள் முன்பக்கத்தைக்கூட ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அவருக்கோ பயம் பிடித்தது. எங்கள் வீட்டிலிருந்து ஹோட்டலுக்குப் போகும் குறுக்குப்பாதை காட்டுக்குள்ளால் போகிறது. பல வருடமாகச் சீட்டியடித்துக்கொண்டு நடந்த பாதையில் இப்போது தொண்டையைச் செருமிச் செருமி நடந்தார். கடைசியில் ஒருநாள் பின்னேரம் துணியில் சுற்றிய ஒரு பொருளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"பாதுகாப்புக்கு," என்றார்.

"ஆருக்கு? கரடிக்கோ?" என்றேன்.

துவக்கை வாங்கி வீட்டில் வைத்திருப்பது ஒன்று. இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே திரிவது வேறொன்று. அதற்குத் தனி அனுமதி வேண்டும். கரடிக்கென்று போய்க் கேட்டால் பொலிஸ்காரர் கதிரையிலிருந்து விழுந்து சிரிப்பார். அதற்கும் என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் ஒரு சுடுசங்கம் இருக்கிறது. அதன் மைதானம் காட்டுக்கு அந்தப் பக்கம். பயிற்சிக்குப் போகிறவர் துவக்கைக் கொண்டுபோகலாம், ஆனால் அதற்குள் தோட்டா இருக்கக்கூடாது, தோட்டா தனியாக இருக்கவேண்டும். இவர் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு காட்டுக்குள்ளால் போகிற போதெல்லாம் அவர் சட்டப்படி சுடப் போகிறவர். சங்கத்துக் கிழவர்கள் தங்கள் குறிப்பலகையைச் சுட்டார்கள். இவர் பக்கத்துப் பலகையைச் சுட்டார்.

என் கவலை வேறு. அவருடைய குடியுரிமை விண்ணப்பத்தோடு என்னுடையதும் போயிருக்க வேண்டியது. ஜெர்மன் பரீட்சையில் நான் சறுக்கியதால் பிந்திப்போனது. இப்போதுதான் என் முறை வந்திருந்தது. அடுத்த மாதம் ஊர்க் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்து, இந்த மலைக்கு என்ன பெயர், அந்த ஆறு எங்கே போகிறது என்றெல்லாம் சொல்லவேண்டும். அதுவரை நான் இலங்கைப் பாஸ்போர்ட்காரி. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்த நாட்டில் ஆயுதத்தையோ தோட்டாவையோ வைத்திருக்கக்கூடாது. இன்னும் சில நாட்டவர்களுக்கும் இதே தடை உண்டு. பக்கத்து வீட்டுச் சுவிஸ் பெடியன் இராணுவம் கொடுத்த துவக்கைக் குடைகளோடு சேர்த்துச் சாத்தி வைத்திருப்பான். நான் ஒரு தோட்டாவோடு பிடிபட்டால் என் விண்ணப்பம் நேரே குப்பைக்குள் போகும்.

இதில் இன்னொரு தலையிடியும் இருந்தது. எங்கள் ஊரில் ஆட்களைவிடப் பதவிகள் அதிகம். பாடகர் குழுத் தலைவர்தான் தீயணைப்புக்கும் தலைவர். அதேபோல, என்னை விசாரிக்கப்போகும் குழுவில் இருந்த ஒருவர்தான் காட்டு விலங்குகளுக்குப் பொறுப்பான அதிகாரியும். கரடி வந்ததிலிருந்து மனிதர் தொலைநோக்கியும் கையுமாக அந்தக் காட்டிலேயே கிடந்தார்.

ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் ஹோட்டல்காரருக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தில், என் கணவர் என்னையும் நடக்கக் கூப்பிட்டார். வெயில் நன்றாக இருந்தது. இடியப்பமும் சம்பலும் கட்டி என் முதுகுப்பைக்குள் வைத்தேன். பையைத் தூக்கும்போது வழக்கத்தைவிடப் பாரமாக இருந்தது. தண்ணீர்ப் போத்தல் என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் மெதுவாகக் கதைக்கச் சொன்னார். கரடிக்குக் காது கூர்மையாம். காட்டுக்கு நடுவில் சிவப்பு வாங்குப் பலகை ஒன்றில் உட்கார்ந்து சாப்பாட்டை வெளியே எடுத்தேன். அடியில் சமையல்துணி சுற்றிய ஒரு பெட்டி கிடந்தது. அந்தத் துணி எங்கள் வீட்டுத் துணி.

"இதென்ன?"

"சத்தம் போடாதையும். குண்டுப்பெட்டி."

"என்ர பையிலயோ?"

"துவக்கும் குண்டும் தனித்தனிய இருக்கவேணும். சட்டமப்பா. துவக்கு என்ர பையில கிடக்கு."

அவர் அப்படித்தான். பழைய பேப்பர் கட்டும்போது கயிறு குறுக்கும் நெடுக்குமாக இருக்கவேண்டும் என்று ஊர்ச்சபை சொன்னால் முடிச்சு நடுவில் வரும்வரை விடமாட்டார். தனியாக வை என்று சட்டம் சொன்னால் பெண்சாதியின் பைவரை தனியாக வைப்பார்.

"எனக்கு அதை வச்சிருக்கவே சட்டமில்லையப்பா!" காடு அதிரக் கத்தினேன். "ஆராவது கண்டா என்ர பாஸ்போர்ட் கதை முடிஞ்சுது! சாகிறமட்டும் வெளிநாட்டுக்காரி பெர்மிட்டைக் காவிக்கொண்டு திரியச் சொல்லுறீங்களோ?"

"ஆர் காணப்போறது? கொஞ்சம் மெல்லக் கதையும்..."

நான் மெல்லக் கதைக்கிற மனநிலையில் இல்லை. ஒரு கையில் இடியப்பத்தைப் பிடித்துக்கொண்டு, அவருடைய பரம்பரையில் ஒருவரையும் விடாமல் இழுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது அவருடைய கண் எனக்குப் பின்னால் போய் நின்றது. திரும்பினேன்.

மரங்களுக்கிடையில், சத்தம்போட்டுக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கரடி. நான் நினைத்ததைவிடப் பெரிது, நினைத்ததைவிட அழுக்கு. மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தது. பிறகு பின்னங்காலில் எழும்பி, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஆள்மாதிரி எங்களைப் பார்த்தது.

இனி இவர் பைக்குப் பாய்வார், துவக்கை எடுப்பார், என்னிடம் குண்டு கேட்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக எழும்பினார். காலால் பையைத் தன்னிடமிருந்து தள்ளிவிட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார். விரல்கள் விரிந்திருந்தன. கண் நிலத்தில். எனக்குத் தெரியாமலே என் கையும் மேலே போய்விட்டது. இடியப்பம் கையிலேயே இருந்தது, சம்பல் சட்டைக் கைக்குள் கொட்டியது.

அந்தக் கைதூக்கலை அவர் எங்கே படித்தார் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இளமையாக இருந்த காலத்தில் அவரை நிறுத்தாத துவக்கு எங்கள் பக்கத்தில் இல்லை. இலங்கை ஆமி நிறுத்தியது, இந்தியன் ஆமி நிறுத்தியது, நம்முடைய இயக்கப் பெடியளும் தங்கள் பங்குக்கு நிறுத்தினார்கள். சீருடை மாறும், கை தூக்குவது மாறாது.

பிறகுதான் அவருடைய வலது கை மெல்லக் கீழே இறங்கிச் சட்டைப் பைக்குள் போனது. வெளியே வந்தபோது விரல்களுக்கிடையில் புது சுவிஸ் அடையாள அட்டை இருந்தது. முன்பு ஊரில் ஆமிக்கு ஐசி காட்டியதுபோல அதை அப்படியே தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

கரடி ஒருதரம் மூக்கைச் சீறியது. நாலு காலில் இறங்கித் திரும்பியது. பத்திரிகையில் பார்த்த அதே பின்பக்கம் மரங்களுக்குள் ஆடி ஆடி மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழ்ப்பாதையால் ஆள் வரும் சத்தம். அதிகாரியேதான். கரடியின் காலடிகளைப் பிடித்துக்கொண்டு மேலே வந்திருக்கிறார்.

"அலேக்ரா," என்று அந்த ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னார். கைதூக்கி நின்ற இரண்டு தமிழரையும் ஏற இறங்கப் பார்த்தார். தூரத்திலிருந்து எல்லாம் கண்டதாகவும், ஓடாமல் நின்றது மெத்தச் சரி என்றும் ஜெர்மனில் சொன்னார். துவக்கு வைத்திருக்கிறவர்கள்தான் இப்படியான இடத்தில் பைத்தியக்கார வேலை பார்ப்பார்களாம். சொல்லும்போது அவருடைய கண் வாங்கில் திறந்து கிடந்த என் பைக்குள் போனது.

"பைக்குள் என்ன?"

என் பாஸ்போர்ட் அந்த இடத்தில் பிறக்காமலே செத்தது. "சாப்பாடு," என்றேன். கையில் நசிந்துபோயிருந்த இடியப்பத்தையே நீட்டினேன். அவர் வாங்கிச் சாப்பிட்டார். ஒட்டியிருந்த சம்பலின் உறைப்பில் கண்ணீர் வந்தது, இன்னொன்று கேட்டார். பெட்டியைக் கண்டாரா, கண்டும் விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் குழுவின் முன்னால் நான் மலைகளின் பெயரையெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தபோது, அந்த வெள்ளை நூல் சாப்பாட்டை எப்படிச் செய்வது என்று மட்டும்தான் அவர் கேட்டார். எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. அதற்கு முன்பே துவக்கு கடைக்குத் திரும்பிப் போய்விட்டது.

ஆனால் அன்றைக்கு, அதிகாரி மேலே ஏறிப் போனபிறகும், என் கணவருடைய கைகள் இறங்கவில்லை. திட்டுவதற்கு என்னிடம் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. கிட்டப் போய் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தேன். கை குளிர்ந்துபோய் இருந்தது. அட்டையை அவரால் விடமுடியவில்லை. வாங்கில் இருத்தினேன்.

"நான் ஐசியை எடுத்து நீட்டினனான்," என்றார். "நீங்க கண்டனீங்களோ?" கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என்னை 'நீர்' என்று கதைக்கிறவர், அன்றைக்கு ஏனோ யாரோ பெரியவரோடு கதைக்கிறமாதிரி 'நீங்க' என்றார்.

"ஓம், கண்டனான்."

"அது வாங்கிப் பாக்கேல்ல. எங்க போறாய், எங்கயிருந்து வாறாய், ஒண்டும் கேக்கேல்ல." அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "பேசாமப் போ எண்டு விட்டிட்டுது."

திட்ட வைத்திருந்தது எல்லாம் உள்ளேயே கரைந்துபோனது. என் பையிலிருந்த குண்டுப்பெட்டியை எடுத்து, அவருடைய பையைத் திறந்து, துவக்குக்கு மேலேயே வைத்து மூடினேன். சட்டப்படி அது பிழை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு எழும்பி அந்தப் பையைத் தோளில் மாட்டினார்.