பார்த்தேன் என்று சொன்ன நாள்

முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் எதையும் பார்க்கவில்லை. இதை எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்திலும் அந்த அம்மாவின் உருவம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவரை நான் உயிரோடு ஒரு நாளும் பார்த்ததில்லை.

மலேசியாவில் கூலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை செய்தேன். டிவிக்குள் வைக்கும் சின்னச் சின்னச் சாமான்களைப் பூட்டுகிற வேலை. மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவளுக்கு அதுவே பெரிது. லைனில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா இருந்தார். கல்யாணம் ஆகாதவர், கூடப்பிறந்தவர்கள் இல்லை, வீட்டில் அம்மாவும் அவரும்தான். என் மகள் வயிற்றில் இருந்தபோது நான் வாந்தி எடுக்க ஓடுவேன். திரும்பி வந்தால் என் தட்டிலிருந்த வேலையையும் அக்கா முடித்திருப்பார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அந்த அக்காவின் அம்மா இறந்துபோனார். கம்பெனி மூன்று நாள் லீவு கொடுத்தது. நான்காம் நாள் காலை ஷிப்டுக்கு அக்கா வந்துவிட்டார். கான்டீனில் நாங்கள் நாலைந்து தமிழ்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம்.

“என்னக்கா, கருமாதிகூட முடியல, அதுக்குள்ள வந்துட்டீங்க?” என்று முதலில் கேட்டவள் நான்தான்.

“வராம? பதினாறு நாளு வீட்ல குந்தியிருந்தா வேலைய யாரு குடுப்பா, ஒங்க மாமியாரா?” என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தோம். பிறகு அவரே மெதுவாக, “அம்மாவுக்குப் புடிச்ச பச்சச் சேலையத்தான் கட்டி அனுப்புனேன்” என்றார். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே பத்து மணிவாக்கில் டெஸ்டிங் பகுதியில் ஒரு மலாய்ப் பெண் அலறிக்கொண்டு விழுந்தாள். அவளைத் தூக்கப் போனவள் விழுந்தாள். கால்மணி நேரத்தில் ஏழெட்டுப் பேர் தரையில் கிடந்து கத்தினார்கள். “ஹந்து, ஹந்து” என்று சத்தம். பேய் என்றுதான் அர்த்தம். லைனை நிறுத்தி எங்கள் எல்லாரையும் கார் நிறுத்துகிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த வெயிலில் சூப்பர்வைசர் ஒவ்வொருவரிடமும் வந்து, பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றவர்களுக்கு நிழலில் இடம், குடிக்கத் தண்ணீர், கையைப் பிடித்துக்கொள்ள ஆள். பார்க்கவில்லை என்றவர்களை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள், எதையோ மறைக்கிறார்கள் என்பதுபோல. எனக்கு இந்தப் பக்கம் நின்றவளும் பார்த்திருந்தாள், அந்தப் பக்கம் நின்றவளும் பார்த்திருந்தாள். இத்தனை பேருக்குத் தெரிந்தது எனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்று தோன்றியது. என் முறை வந்தது.

“பார்த்தேன்” என்றேன்.

எங்கே என்று கேட்டார். என் பக்கத்து நாற்காலிக்குப் பின்னால் என்றேன். எப்படி இருந்தது என்றார். பச்சைச் சேலை கட்டிய பொம்பளை என்று சொல்லிவிட்டேன்.

கான்டீனில் கேட்டதுதான் வாயில் வந்தது. அது அப்போது எனக்கே தெரியவில்லை. என்னை உடனே நிழலுக்குக் கூட்டிப்போய் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். எனக்குப் பிறகு கேட்கப்பட்ட அத்தனை பேரும் அதே நாற்காலியின் பின்னால், அதே சேலையில் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் மலாய்க்காரர்களின் மதகுரு, ஓர் உஸ்தாஸ், வந்து ஓதித் தண்ணீர் தெளித்தார். எங்கள் ஆட்கள் கோயிலிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். லைன் ஓடியது. ஆனால் அக்காவின் கைக்கு நேராக யாரும் தட்டைக் கொடுக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுத் தள்ளிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் மேசை காலியாக இருந்தது. “தீட்டோட வந்துச்சுல்ல, பின்னாடியே அதுவும் வந்துருச்சு” என்று பேசியவர்கள் வேறு யாரும் இல்லை, அவரோடு உட்கார்ந்து சிரித்த நாங்கள்தான்.

ஒரு வாரம் கழித்து பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏய், உண்மையச் சொல்லு. எங்கம்மாவப் பாத்தியா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். முன் சீட்டில் எங்கள் லைன் பெண்கள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். “ஆமாக்கா” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரவில்லை.

மூளைச்சலவை என்று ரேடியோவில் ஒருவர் பேசக் கேட்டேன். யாரோ பெரிய ஆட்கள் வேண்டுமென்றே செய்கிற காரியம்போலப் பேசினார். என் விஷயத்தில் எந்தப் பெரிய ஆளும் இல்லை. வெயிலில் வரிசையாக நின்ற பொம்பளைகள், அவ்வளவுதான். அதன் பிறகு நானே மிச்சத்தைச் செய்துகொண்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன், மாமியாரிடம் சொன்னேன், நாங்கள் குடியிருந்த தாமானில் பக்கத்து வீடுகளில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கூடியது. விரித்த தலைமுடி வந்தது. செருப்பில்லாத கால் வந்தது. இரண்டு வருடத்தில் விளக்கேற்றக் குனிந்தால் அந்தக் காலைப் பார்க்க ஆரம்பித்தேன். அன்றைக்கு வயிற்றில்கூட இல்லாத என் இளைய மகள், அதைத் தானே பார்த்ததுபோல இன்றைக்கும் கூட்டாளிகளிடம் சொல்கிறாள்.

போன வருடம் ஜொகூர் பாருவில் ஒரு கோயில் அன்னதான வரிசையில் அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர்தான் என்னை அடையாளம் கண்டார்.

“நீதானே! ஊதிப்போய்ட்டலா!” என்று கன்னத்தைக் கிள்ளினார்.

இலையின் முன்னால் உட்கார்ந்து எல்லாம் சொன்னார். கருமாதியை முறையாகத்தான் செய்தாராம். ஆனாலும் தீட்டு கழியுமுன் வேலைக்குப் போனதால் அம்மா அமைதி இல்லாமல் தன் பின்னாலேயே அலைகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக ஒவ்வோர் அமாவாசைக்கும் பொந்தியான் கடற்கரைக்குப் போய்ப் படைக்கிறார். கட்டிலில் ஒரு பக்கம் அம்மாவுக்காக இடம் விட்டுத்தான் படுப்பாராம்.

இலையை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். “அக்கா, மன்னிச்சிருங்க. நான் ஒண்ணும் பாக்கல. பயத்துல சொன்னேன்.”

“சும்மா சொல்லாத.”

“சாமி சந்நிதிக்கா. பொய் சொல்வேனா?”

“பாக்காம சேலை எப்படித் தெரியும்?”

“நீங்கதான் கான்டீன்ல சொன்னீங்க.”

“நானா? நான் யாருகிட்டயும் சொல்லவே இல்லையே.” அவர் முகத்தில் துளி சந்தேகம்கூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கே குழம்பிவிட்டது. சொன்னாரா, அல்லது அதையும் நானே பிறகு கட்டிக்கொண்டேனா?

அவர் என் கையைப் பிடித்தார். “எனக்கு அம்மா தெரிய மாட்டேங்கறாங்க. ஒனக்குத்தான் தெரிஞ்சாங்க. ஆடி அமாவாசைக்கு எங்கூட ஒரு நடை வா. இன்னும் நிக்கிறாங்களான்னு பாத்துச் சொல்லு.”

போனேன். என் மகன் காரை ஓட்டினான். கரையில் இலை போட்டு, வடை பழம் வைத்து, சூடம் ஏற்றினார். கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

“நிக்கிறாங்களா?”

உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார் என்பது தெரிந்துவிட்டது. கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டேன்.

“போய்ட்டாங்கக்கா.”

“எந்தப் பக்கம்?”

“கடல் பக்கம். திரும்பிப் பாக்கல.”

அவர் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து, பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதார். வரும் வழியில் காரில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நேற்று போன் செய்தார். இப்போதெல்லாம் கட்டிலின் நடுவில் படுத்து நன்றாகத் தூங்குகிறாராம். பிறகு சொன்னார், “இங்க பக்கத்து வீட்ல ஒரு அம்மா. மகன் மோட்டார் ஆக்சிடன்ல போய்ட்டான். வீட்லதான் இருக்கானான்னு நீ வந்து பாக்கணுமாம்.”

“ஐயோ, எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா.”

“உண்மையாப் பாக்கறவங்க அப்படித்தான் சொல்வாங்கன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். நீ வர வேணாம், நாங்களே வர்றோம்.”

வெள்ளிக்கிழமை வருகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என் வீட்டு வாசலில் நின்று என் கண்ணையே பார்ப்பாள். இல்லை என்று சொல்ல அப்போது எனக்குத் தைரியம் இருக்குமா தெரியவில்லை. அதைவிட, அவள் கேட்டவுடன் அந்தப் பையன் எனக்குத் தெரிந்துவிடுவானோ என்றுதான் பயமாக இருக்கிறது.