சிகாமட் போகும் வழியில் ஒரு சத்தம்

அந்தச் சத்தம் முதன்முதலில் லாபிஸ் பக்கத்தில் வந்தது. காரில் ஏர்கோன் காற்றைக் கூட்டினால் டறடறவென்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. குறைத்தால் அடங்கியது, ஆனால் நிற்கவில்லை. பக்கத்தில் சாய்ந்திருந்த என் மனைவி கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தாள்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. வாரம் மூன்று முறை பெக்கோக்கிலிருந்து சிகாமட்டுக்கு, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் நிலையத்துக்கு அவளை அழைத்துப் போவேன். திரும்பும்போது அவள் துவண்டு போயிருப்பாள். ஏர்கோனை அடைத்தால் வியர்த்து வாந்தி வரும். கண்ணாடியை இறக்கினால் செம்பனை லாரிகளின் புகை வரும்.

"இந்தச் சத்தம் மண்டைக்குள்ள போயி அடிக்குதுங்க" என்றாள்.

மறுவாரம் ஒரு சாயங்காலம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த காடியில இனிமே நான் வரல. போதும், விட்டுருங்க."

போகாமல் விட்டால் நீர் நுரையீரலில் ஏறிவிடும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அவளிடம் வாதாட எனக்குத் தெரியாது. சத்தத்தை நிறுத்துவது ஒன்றுதான் என் கையில் இருந்தது. மறுநாள் காலையிலேயே லாபிஸில் ஏர்கோன் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் காரைக் கொண்டு போனேன்.

அவர் முன்மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"என்னண்ணே, மாவு மில்லு ஓட்டிக்கிட்டு வர்றீங்களா? கம்ப்ரஸர் போச்சு. பேரிங் சத்தம் இது."

எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்தது. நிலையத்து வாசலில் அவளுக்காகக் காத்திருக்கும்போது இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை ஒரு சுற்று மட்டும் திருப்பிக் காற்றாடியை மட்டும் ஓடவிடுவேன். அப்போதும் அதே சத்தம் வரும். இதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தொழில் தெரிந்தவர் முன்னால் எனக்குப் பேச வராது.

இன்ஜினை நிறுத்திவிட்டு அவர் ஸ்பேனரை எடுத்து பெல்ட்டைத் தளர்த்த ஆரம்பித்தார். நான் காருக்குள் உட்கார்ந்து சாவியை ஒரு சுற்று திருப்பிக் காற்றாடியைக் கூட்டினேன். டறடற.

முன்மூடிக்குப் பின்னாலிருந்து அவர் தலை நீண்டது. "அலமாக்! இன்ஜினே ஓடல, கம்ப்ரஸரும் சுத்தாது, சத்தம் மட்டும் எப்படி வருது?" பிறகு சிரித்துவிட்டார். "வாயில பூட்டா போட்டிருக்கீங்க? சொன்னா என்னண்ணே? கம்ப்ரஸரக் கழட்டிக் கீழ வச்சிருப்பேன் லா!"

முன்சீட்டுக்கு எதிரே சாமான் போட்டு வைக்கும் லாச்சியைக் கழற்றினார். அதன் பின்னால், கார் உள்காற்றை இழுக்கும் வாய் திறந்து கிடந்தது. பழைய கார், வடிகட்டி கிடையாது. மல்லாந்து படுத்து மூன்று திருகாணிகளை எடுத்துக் காற்றாடியைக் கீழே இறக்கினார். அதன் பற்களுக்கு நடுவே காய்ந்த ஓலைக் கீற்றுகள் சிக்கியிருந்தன.

"லாச்சிக்குள்ள தோட்டமே போட்டிருக்கீங்களேண்ணே..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அது குருத்தோலை ஞாயிறு அன்று என் மனைவி மடித்த சிலுவை. வருடம் முழுக்கக் காரில் இருக்கும். அடுத்த சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். அந்த வருடம் சாம்பல் புதன் வந்தபோது கழுத்தில் குழாய் வைத்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். லாச்சியில் இருந்த சிலுவை எனக்கு நினைவே வரவில்லை. அது பின்பக்கமாக நழுவிக் காற்றோடு உள்ளே இழுபட்டுவிட்டது.

கீற்றுகளைத் துணியில் மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அவள் ஒவ்வொன்றாக விரலால் நீவிப் பார்த்தாள்.

"சாம்பலுக்குக் குடுத்திருக்க வேண்டியது."

"அடுத்த வருஷம் குடுக்கலாம்" என்றேன்.

"அடுத்த வருஷம்" என்று அவளும் சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

நிலையத்துக்குப் போகவேண்டிய நாள் காலையில் காரை வாசலில் நிறுத்தி ஏர்கோனைப் போட்டேன். அவள் நைட்டியோடு கதவருகே வந்து கேட்டாள்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"நல்லா கூட்டிப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்."

கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "வரலைங்கறதுக்கு இனிமே என்னா காரணம் சொல்றதுன்னு எனக்குத் தெரியலைங்க" என்றாள். உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு, கம்பளியும் பையுமாக வந்து ஏறினாள்.

சாஆ தாண்டியதும் அவள் அழுவது கேட்டது. மெல்லிய அழுகை. அது முன்பும் இருந்ததா, அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போனதா என்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டிக் காற்றாடியைக் கடைசி அளவுக்குத் திருப்பினாள். குளிர்காற்று இரைந்து வந்தது. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு அவள் அழுவது எனக்குக் கேட்கவில்லை. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.