வீட்டுக்கு ஒரு ஆள்

பேரையூருக்கு மேற்கே இருபது வீடுதான் எங்கள் ஊர். பஸ் இன்றைக்கும் ஊருக்குள் வராது. ஆனால் பள்ளிக்கூடம் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. மிஷன் வாத்தியார் ஒருவர் சைக்கிளில் வந்து, ஓர் ஆட்டுக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி ஆரம்பித்தாராம். போன மாதம் அதன் முதல் வருகைப் பதிவேடு கிடைத்ததாகவும், அதில் பெயர் உள்ளவர்களை ஆண்டுவிழாவில் கௌரவிக்கப்போவதாகவும் தலைமையாசிரியை போன் செய்தார்.

ஆனையூரில் என்னோடு இருக்கும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தாள். விசாரித்தால், பதிவேட்டில் அவள் பெயர் இல்லை, அவளுடைய அண்ணன் பெயர்தான் இருக்கிறது. மாமாவோ கைநாட்டு.

"அப்ப நான் படிக்கவே இல்லைன்னு ஆயிருச்சா?" என்று கேட்ட அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நடந்தது இதுதான். கண்மாய் வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் போவது ஊர் வழக்கம். யாருக்குக் கை ஒழிகிறதோ அவர் போகலாம். பள்ளிக்கூடத்தையும் எங்கள் ஊர் மகா புத்திசாலிகள் அப்படியே நினைத்துக்கொண்டார்கள். வாத்தியார் மாமா பெயரை எழுதினார், மாமா ஆட்டோடு போனார், அம்மா அந்தப் பெயருக்கு மூன்று வருஷம் கை தூக்கினாள். வாத்தியாருக்கும் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். எல்லோரையும் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாமென்றால், மாமாவைத் தவிர அவர்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை.

வரமாட்டேன் என்ற அம்மாவை, மாமாவுக்குத் துணை என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். மேடையேறிய மாமா மைக்கைப் பிடித்து, "நான் ஆடு மேச்சவன். படிச்சது அந்தா உக்காந்திருக்கா பாருங்க, என் தங்கச்சி. அவளைக் கூப்புடுங்க" என்றார்.

அம்மாவைக் கைபிடித்து ஏற்றினேன். முதல் மாணவர்கள் பெயர் எழுத ஒரு புது நோட்டு வைத்திருந்தார்கள். அம்மா யோசிக்காமல் விறுவிறுவென்று எழுதினாள். எழுதியது மாமா பெயர்.

"அம்மா, உங்க பேரை எழுதணும்" என்றார் தலைமையாசிரியை.

"சிலேட்டுல மொதல்ல எழுதுனது இதான் டீச்சர். எம்பேரு பெறகு நானா எழுதிப் பழகுனது" என்று சொல்லிக்கொண்டே அதற்குக் கீழே தன் பெயரையும் மெதுவாக எழுதினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா குனிந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயி, இதுல எம்பேரு எது?" என்று அம்மாவிடம் கேட்டார்.