வீடு பார்க்க வந்தவர்கள்

"இது எங்களுடையது இல்லை" என்று நான் சொல்லவில்லை.

மராத்தியில் அதைச் சொல்ல எனக்கு நன்றாகவே வரும். அம்மாவை விட, அண்ணனை விட நன்றாக வரும். சொல்லவில்லை.

அந்தக் காலை என்றதும் நெய் வாசனைதான் முதலில் வருகிறது. உள்ளே அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். வாசலில் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தது. இரண்டும் கலந்து, கல்யாண மண்டபத்துக் கொல்லைப்புறம் மாதிரி ஒரு மணம்...

தேஹு ரோடில், ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அண்ணன் சரவணன் பத்தாவது முடித்திருந்தான். போசரியில் ஒரு பயிற்சி நிலையத்தில் டூல் அண்ட் டை, அதாவது இயந்திர அச்சுகள் செய்யும் தொழில், படிக்க இடம் கிடைத்திருந்தது. ஃபீஸ், பஸ் பாஸ், கைச்செலவு எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும் என்றார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள், தொழில் பழகுகிறவர்களுக்கும் கொடுப்பார்கள். இன்டர்வியூ நன்றாகப் போனது. கடைசியாக ஒன்று பாக்கி... வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

அம்மா அதைத் தன் வழியில் புரிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்து வீடு பார்க்க வருகிறவர்கள் சம்பந்திகள் மட்டும்தான்.

"நாம எப்படி இருக்கோம்னு பாத்துட்டுத்தான குடுப்பாங்க? புள்ள நல்ல குடும்பத்துப் புள்ளன்னு தெரிய வேணாவா?"

"பொண்ணு குடுக்கவா வராங்க?" என்றார் அப்பா, கட்டிலில் படுத்தபடியே. ராணுவ வெடிமருந்து டிப்போவில் கான்ட்ராக்டில் மூட்டை ஏற்றி இறக்கி, முதுகு போய்ப் படுத்தவர்.

"நீ சும்மா இருய்யா. எழுந்து நல்ல ஷர்ட்டு ஒண்ணு போடு."

பக்கத்து வீட்டு லட்சுமி அக்காவின் கணவர் அதே டிப்போவில் பர்மனென்ட். அவர்கள் வீட்டிலிருந்து சோபா வந்தது. பிறகு டிவி வந்தது. அதை அண்ணனும் அவன் நண்பனும் தூக்கி வந்தார்கள்.

"அக்கா, இது கீழ விழுந்துச்சுன்னா உன் வீட்டுக்காரர் என்னை டிப்போக்குள்ளயே வெச்சி வெடிச்சிடுவாரு" என்றான் அண்ணன்.

"அவரு வர வரைக்கும் எதுக்குடா காத்துனு இருக்கணும்? நானே வெடிப்பேன்."

கடைசியில் அக்கா தன் சங்கிலியைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் போட்டாள். "வெறும் மஞ்சக் கயித்தோட நிக்காத அண்ணி."

கஷ்டப்படுகிற குடும்பமா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். அது எனக்குத் தெரியும். இன்டர்வியூவுக்கு அண்ணனோடு போயிருந்தேன். அங்கே மராத்தியில் விளக்கியது அண்ணனுக்குப் பாதிதான் பிடிபட்டது, நான் முழுவதும் கேட்டேன். அம்மாவிடம் சொல்லத்தான் இருந்தேன்.

ஆனால் அதற்குள் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜன்னலோரம் சோபா, மூலையில் டிவி, அம்மாவின் கழுத்தில் தங்கம்... எங்கள் வீடு என் பள்ளித் தோழிகளின் வீடுகள் மாதிரி இருந்தது. இந்த நேரம் பார்த்து அவர்களில் யாராவது வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

வந்தவர்கள் இரண்டு பேர். காட்டன் புடவை கட்டிய ஓர் அம்மாள், பையோடு ஓர் இளைஞர். போகிற வீடுகளில் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். தண்ணீர் மட்டும் குடித்தார்கள்.

"துளி கேசரியாச்சும் எடுத்துக்கச் சொல்லுடி. நாம என்ன விஷமா வெச்சிருக்கோம்?"

அம்மாவின் முதல் வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் சிரித்துக் கை கூப்பினார்.

அவர் கண்கள் சோபாவிலிருந்து டிவிக்கும், டிவியிலிருந்து சங்கிலிக்கும் போயின. அப்புறம் சுவரில் பூத்திருந்த ஈரத்தில் வெகுநேரம் நின்றன. என் பக்கம் குனிந்து, மராத்தியில், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இதெல்லாம் உங்களுடையதுதானாம்மா?"

அவர் என்னிடமிருந்து "இல்லை" என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டார் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கும் கொஞ்சம் புரிந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"ஹோ, மேடம்" என்று ஆமாம் போட்டான் அண்ணன்.

என் முகத்தில் எதைப் பார்த்து அப்படிச் சொன்னான் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா? அசந்துட்டாங்க!"

சில நாள் கழித்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன். இதைவிடச் சிரமத்தில் இருக்கிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, மன்னிக்க வேண்டும் என்றார்கள்.

"நம்மள விடவா?" என்றாள் அம்மா. "சரியாத்தான் கேட்டியாடி நீ?"

அண்ணன்தான் சிரித்தான். "விடும்மா. நாம பணக்காரங்க ஆயிட்டோம்."

அம்மா சிரிக்கவில்லை. அடுப்பங்கரைக்குப் போய், விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்க ஆரம்பித்தாள்.

இப்போது நான் ஹடப்சரில் வேலை செய்கிறேன். எங்கள் ஆபீஸிலும் இதே போல ஓர் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. கூரையையும் சமையலறையையும் மொபைலில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். வருகிற படங்களைப் பார்க்கிறேன்... ஓட்டை தெரிகிற கோணத்தில், வெளிச்சத்தில், தெளிவாக எடுத்திருக்கிறார்கள். இல்லாமையை எப்படிக் காட்டுவது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. நல்லதுதான். எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த எனக்கும் வெட்கமாக இருந்தது.

அந்த போன் வந்த மாதமே அண்ணன் போசரியில் ஒரு பட்டறையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தான்.

சில வருஷம் கழித்து, கல்லூரிக்காக அதே அறக்கட்டளையில் நான் விண்ணப்பித்தேன். வேறு இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். அம்மா அந்த முறை வீட்டை இருந்தபடியே விட்டிருந்தாள். எனக்குக் கிடைத்தது.

அண்ணனும் மறுபடி ஒருமுறை அவர்களிடம் கேட்டுப் பார்த்தான். வயது தாண்டிவிட்டது என்றார்கள்.