சிலுவையம்மாள் உடைத்த பூட்டு

காசிமேட்டில் மீன் எடுத்து ராயபுரம் தெருக்களில் விற்கிற சிலுவையம்மாளுக்கு யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை. கடலுக்குப் போன புருஷன் லூர்து திரும்பாத பிறகும் அதே கூடை, அதே குரல்.

தெருமுனைப் பொதுக் கழிப்பறையில் மோட்டார் எரிந்துபோனது. பூட்டிவிட்டுப் போன காண்டிராக்டர் அப்புறம் தலைகாட்டவே இல்லை. அந்தத் தெருவில் எல்லாம் ஒற்றை அறை வீடுகள். ஒன்றில்கூடக் கழிப்பறை கிடையாது. பெண்கள் விடியுமுன் கடலோரக் கருங்கல் தடுப்புக்குப் போய் வந்தார்கள். பகலில் அவஸ்தைப்படக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள்.

மருமகள் சினேகா நிறைமாதக்காரி. ஒருநாள் பாசிக்கல்லில் வழுக்கி விழுந்தாள். வயிற்றுப்பிள்ளை தப்பியது, மணிக்கட்டு முறிந்தது.

மருமகளுக்குக் கட்டுப் போட்டு வீட்டில் விட்ட கையோடு, ஐஸ் உடைக்கிற கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் சிலுவையம்மாள். பூட்டு தெறித்து விழுந்தது. உள்ளே ஒரே நாற்றம். தெருக் கைப்பம்பில் வருவது உப்புத் தண்ணீர்தான். கழுவ அது போதாதா? குடம் குடமாக அடித்து ஊற்றினாள். பக்கத்து வீட்டு ஜெரினா துடைப்பத்தோடு வந்தாள். பின்னாலேயே தெருப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் காண்டிராக்டரின் ஆள் தேசப்பன் பைக்கில் வந்து இறங்கினான்.

"யாரைக் கேட்டு ஒடச்சே? போலீஸாண்ட சொன்னா உள்ள போயிடுவே, தெரியுமா?"

"சொல்லு நைனா. ஸ்டேஷன்ல கக்கூஸ் கீதுல்ல? தெருவே கூட்டா வர்றோம்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். தேசப்பன் கடுகடுவென்று பையிலிருந்து புதுப் பூட்டை எடுத்தான். சிலுவையம்மாள் வாசற்படியில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பூட்டுறியா? என்னிய உள்ள வெச்சு பூட்டு. நான் எழுந்துக்க மாட்டேன்."

ஜெரினா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்தடுத்து மற்றவர்களும் உட்கார, வாசலில் கால் வைக்க இடமில்லை. தேசப்பன் போனில் யாரிடமோ கத்திவிட்டு, பூட்டோடு திரும்பிப் போனான்.

பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாகச் சிலுவையம்மாள் மேல் கேஸ் விழுந்தது. ஆனால் விஷயம் ஊரெல்லாம் பரவி, மாதம் முடிவதற்குள் புது மோட்டாரும் வந்தது. சினேகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

வாய்தா நாளில் வியாபாரம் கெட்டுப்போகும். "மன்னிப்பு எழுதிக் குடுத்தா முடிச்சிடலாம்மா" என்று வக்கீல் நயமாகச் சொல்லிப் பார்த்தார்.

"பூட்டிட்டுப் போனான்ல, அவனை எழுதச் சொல்லு சார்" என்றாள். இன்றும் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.