மடியில் வைத்துப் பார்த்த இரண்டு பிராசஸர்கள்

என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. நாச்சியாபுரம் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் அளவு எடுக்கப் போனவர் சாரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. அதோடு எப்படியோ வாழப் பழகிக்கொண்ட பிறகு நடந்தது இது.

கட்டப்போகும் வீட்டைக் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் எழுப்பிக் காட்டுவது அவர் தொழில். வாசல், மாடிப்படி, ஜன்னல் வழியே விழும் வெயில் வரை எல்லாம் தெரியும். வீட்டுக்காரர்கள் அதற்குள் நடந்து பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத்தான் கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பார்கள். விழுவதற்கு முன் அதை மேசையில் உட்கார்ந்து செய்தார். விழுந்த பிறகு கட்டிலில், முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, லேப்டாப்பைத் தொடையில் வைத்துக்கொண்டு செய்தார். கேம் விளையாடுகிறவர்கள் வாங்குகிற வகை லேப்டாப் அது. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளது, நல்ல கனம். அதைத் தூக்கி வைப்பதும் எடுப்பதும் என் வேலை.

சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பள்ளத்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்துக்கு அன்று விடுமுறை. சாப்பாடு போட்டுக்கொண்டு போய், லேப்டாப்பை எடுத்தேன். கைலி அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கைலியோடு தோலும் வந்தது.

"என்னங்க இது?"

"எது?" என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். இடது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக வெந்திருந்தது. சூடான காற்று வெளியே வருகிற ஓட்டை அந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு, "ஃபைலை சேவ் பண்ணிட்டியா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டுப் போடும்போது, "இவ்வளவு நேரம் சூடு தெரியலையா?" என்றார். பழக்கத்தில் கேட்டுவிட்டார், பாவம்.

"தெரிஞ்சா எடுத்திருக்க மாட்டேனா டாக்டர்" என்றார் இவர்.

தினமும் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அவருக்குச் சர்க்கரையும் உண்டு, புண் ஆறுகிற வழியாக இல்லை. நான் சொன்னேன், "கொஞ்ச நாளைக்கு வேலையை விட்டுட்டுச் சும்மா படுத்திருங்க. நான் சம்பாதிக்கிறது போதும்."

"சும்மா படுத்திருந்தா மேல உள்ளதும் செத்துப்போகும்" என்றார்.

கட்டிலுக்குக் குறுக்கே போடும் மேசை வாங்கினோம். கையைத் தூக்கியே வைத்திருந்ததில் தோள் பிடித்துக்கொண்டது. மடிமேல் பலகை வைத்துப் பார்த்தோம். அதன் விளிம்பு வயிற்றின் அடியில் அழுத்திச் சிவந்திருந்தது, அதுவும் அவருக்குத் தெரியவில்லை. புண் வராமல் இருக்க அவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மெஷினும் அவரோடு சேர்ந்து புரள வேண்டும். கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, பிராசஸருக்குள்ளேயே நல்ல கிராபிக்ஸ் இருக்கிற லேப்டாப் வேண்டும்.

எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். "இப்ப இருக்கதுல ரெண்டு அடுப்பு எரியுது. பிராசஸர் ஒரு அடுப்பு, கார்டு ஒரு அடுப்பு. ஒத்தை அடுப்புலயே எல்லாத்தையும் சமைக்கிறது சிலது இருக்கு. புதுசு நமக்குக் கட்டுபடியாகாது. பழசுல ரெண்டு பாத்து வச்சிருக்கேன்."

ஒரு வாரத்துக்கு மேல் செல்போனில் அதையே படித்துக்கொண்டிருந்தார். இரண்டில் மூத்தது நாலு கோர் பிராசஸர். கிராபிக்ஸுக்கென்று ஒரு சின்ன மெமரியைப் பக்கத்திலேயே பதித்திருப்பதால் அந்தக் காலத்தில் அது பெரிய பேர் வாங்கியதாம். ஆனால் கரண்டை நிறைய இழுக்கும். மற்றது சில வருடம் பிந்தியது, மெல்லிசான லேப்டாப்புக்காகக் குறைந்த கரண்டில் ஓடும்படி செய்தது. கோர் அதிகம், கிராபிக்ஸும் நல்லது, ஆனால் சொந்த மெமரி கிடையாது. ரேமில் இருந்து வாங்கித்தான் வேலை பார்க்கும்.

"எழுதியிருக்கவங்க எல்லாம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுங்கறாங்க. சூடு எங்குட்டுப் போகுதுன்னு ஒருத்தரும் எழுதலை. நீதான் போய்ப் பாக்கணும்" என்றார்.

செக்காலை ரோட்டில் பழைய லேப்டாப் விற்கும் கடை ஒன்றில் இரண்டுமே இருந்தன. மறுநாள் சாயங்காலம் பள்ளத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே போனேன். கடைக்காரருக்கு என் கணவர் வயதுதான் இருக்கும். இரண்டையும் மேசைமேல் வைத்தார்.

"என்னக்கா வேலைக்குப் பாக்கீக? பிள்ளைக படிக்கவா?"

"மடியில வச்சுப் பாக்கணும்" என்றேன்.

அவர் கொஞ்சம் விழித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "வீட்டுல ஏசி இருக்காக்கா?" என்றார். இல்லை என்றதும் எழுந்து போய் கடை ஏசியை நிறுத்தினார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். போனை மேசைமேல் சாய்த்து வைத்து என் கணவரை வீடியோவில் கூப்பிட்டேன். அவர் கொடுத்துவிட்ட பென்டிரைவில் அரியக்குடியில் கட்டப்போகிற ஒரு வீட்டின் படம் இருந்தது. அதற்குள் நடக்கிற மாதிரி ஓடவிட வேண்டும். அதுதான் சோதனை.

மூத்ததை முதலில் மடியில் வைத்தேன். கதவு திறந்தது, கூடம் வந்தது, மாடிப்படியில் ஏறியது. எங்கேயும் தடங்கல் இல்லை. கடைக்காரர், "பழசுதான், ஆனா பாருங்க ஓட்டத்தை" என்றார்.

"எப்படி இருக்கு?" என்று போனில் கேட்டார்.

"வெதுவெதுன்னு இருக்கு."

படம் திரும்பத் திரும்ப ஓடியது. விசிறி இரைய ஆரம்பித்தது.

"இப்ப?"

"சுடுதுங்க."

"எந்த இடத்துல?"

"இடது பக்கம். முழங்காலுக்கு மேல."

போனில் அவர் குனிந்து தன் கால் கட்டைப் பார்ப்பது தெரிந்தது. "எடுத்துரவா?" என்றேன். "கொஞ்சம் பொறு" என்றார். புடவைக்கும் பாவாடைக்கும் கீழே தோல் எரிந்தது. அந்த இடத்தில் எரிவது எப்படி இருக்கும் என்று என் மூலமாகத்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாங்குகிற வரை தாங்கினேன். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "போதும், எடு" என்றார்.

இரண்டாவதை வைத்தபோது எனக்கு மனசே விட்டுப்போனது. கூடத்துக்குள் நுழையும்போதே படம் விக்கியது. மாடிப்படிக்கு வந்ததும் நின்று நின்று போனது.

"இது ஆகாதுங்க" என்றேன்.

"போனைக் கடைக்காரர்கிட்டக் குடு" என்றார். "அண்ணே, இதுல ரேம் ஒத்தையா, ரெட்டையா?"

"ஒத்தைதான் சார்."

"அதே அளவுல இன்னொண்ணைப் போட்டுப் பாருங்க. ரெண்டு வழியா வாங்கினாத்தான் அதால வேலை பாக்க முடியும்."

கடைக்காரர் அடிமூடியைக் கழற்றி இன்னொரு ரேமைச் செருகிக் கொடுத்தார். மறுபடி ஓடவிட்டேன். மூத்தது போல ஓடவில்லை. ஆனால் விக்கலும் இல்லை. மாடிப்படியில் ஏறி, பால்கனிக்குப் போய், வெளியே மரத்தைக் காட்டியது. கடையில் இரண்டு மூன்று பேர் வந்து போகும் வரை மடியிலேயே வைத்திருந்தேன். கொடியிலிருந்து எடுத்து மடித்த துணியின் சூடுதான் இருந்தது.

"இதையே வாங்கிரு" என்றார். "மெதுவா வந்தாப் பரவாயில்லை. எனக்கு என்ன, எந்திரிச்சு ஓட வேண்டிய அவசரமா?"

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு பில் போட்டார்.

அந்த மெஷின் சொன்னபடி நடந்துகொண்டது. எடையும் குறைவு, ஒரு கையால் எடுத்துவிடுவேன். அடியில் மெல்லிசாக ஒரு தலையணை வைத்துக் கொடுத்தேன். அவரும் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கும் ஆளாக மறுபடி ஆனார். புண்ணும் மேலே மூடிக்கொண்டு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மழை ஆரம்பித்த சமயம் காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கியிருந்தது. வலி இல்லாததால் எப்போது வீங்கியது என்று அவருக்கும் தெரியாது. இங்கே பார்த்தவர்கள் மதுரைக்கு அனுப்பினார்கள். மேலே மூடிய புண் உள்ளே சீழ் கோத்து மூட்டுக்குள் இறங்கிவிட்டது, ரத்தத்தில் கலப்பதற்குள் காலைத் தொடை வரை எடுக்க வேண்டும் என்றார்கள். சித்திரையில் பட்ட சூடு அத்தனை மாதமாக உள்ளே இருந்திருக்கிறது. நாங்கள் சரியாகத்தான் ஒப்பிட்டோம், சரியானதைத்தான் வாங்கினோம். அதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கோபத்தோடு உள்ளே போனேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"பயமா இருக்காங்க?"

"நடக்காத கால்தானே" என்றார். அப்புறம், "ஆனா என்னோட காலாச்சே" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைக்கு உணர்ச்சி உண்டு. அழுத்திப் பிடித்தார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து பல வாரம் அவர் லேப்டாப்பைக் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒருநாள் அரியக்குடி வீட்டுக்காரர் போன் பண்ணி மாடி அறையை மாற்றச் சொன்னார். அன்றுதான் கேட்டார். தொடையில் வைத்ததும் அது இடப்பக்கமாகச் சரிந்தது. போர்வையை நாலாக மடித்து அந்தக் காலியிடத்தில் வைத்தேன். சரியாக நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

போன மாதம் ஒரு காலையில், நான் வேலைக்குக் கிளம்பித் தலைவாரிக்கொண்டிருந்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அதை என்ன பண்ணுன?"

எதை என்று நான் கேட்கவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் ஒரு நர்ஸ் வந்து, எடுத்த காலை நாங்களே கொண்டுபோகிறோமா, ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளட்டுமா என்று விசாரித்ததை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

"அங்கயே விட்டுட்டு வந்துட்டேங்க."

"ம்" என்றார். "அதுதான் நல்லது."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தண்ணீர்ச் சொம்பை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு நான் கிளம்பினேன். அவர் யாருக்கோ ஒரு வீட்டின் படிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.